மிஸ்டிமீனர்தானே, அபராதம் கட்டினால் முடிந்துவிடாதா?

கேள்வி கேட்டிருப்பவர் கோவையில் இருக்கும் ஓர் அக்கா. தம்பி கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம், எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். அலுவலக விருந்து முடிந்த இரவில், கூட வேலை பார்க்கும் பெண் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய், ரேகை எடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடிகாலையில் அனுப்பிவிட்டது. தாளில் ‘பி.சி. 243.4(இ)(1)’ என்று, அதாவது கலிஃபோர்னியத் தண்டனைச் சட்டத்தின் ‘செக்ஸுவல் பேட்டரி’ (பாலியல் நோக்கத்தில் தொடுதல்) பிரிவை எழுதி, நீதிமன்றத்துக்கு வர வேண்டிய தேதியும் போட்டிருக்கிறது. “தேடிப் பார்த்தால் மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம் என்கிறது. அபராதம் கட்டிவிட்டு டிசம்பரில் ஊருக்கு வந்து கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்பிப் போகலாமா? அந்தப் பெண்ணிடம் நாங்களே பேசி ராஜி ஆகலாமா?” என்று கேட்கிறார். கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: இது சீக்கிரம் முடித்துத் தலைமுழுக வேண்டிய விஷயமா, நின்று நடத்த வேண்டிய வழக்கா?

நான் கலிஃபோர்னியாவில் குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு ஆஜராகும் வக்கீல். இந்தப் பிரிவில் நிறையப் பேருக்காக நின்றிருக்கிறேன், நம் ஊர்ப் பையன்கள் உட்பட. உங்கள் தம்பியின் வக்கீல் நான் இல்லை. வழக்கின் காகிதம் எதையும் பார்க்கவுமில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது, எந்த இடத்தில் ஆட்கள் காலை விடுகிறார்கள் என்பதைச் சொல்ல முடியும். முதல் பதில்: நின்று நடத்த வேண்டிய வழக்குதான். ஜெயிலுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. அபராதமும் ஜெயிலும் இதில் சின்னப் பகுதி.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘செக்ஸுவல் பேட்டரி’ என்றவுடன் அடி, உதை என்று மனதில் படம் ஓடும். அந்த ஊர்ச் சட்டத்தில் பேட்டரி என்றால் ஒருவர் விருப்பத்துக்கு மாறாக அவரைத் தொடுவது. காயம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 243.4இன் ‘இ’ உட்பிரிவு கேட்பது மூன்று விஷயங்கள்: அந்தரங்க உறுப்பு ஒன்றைத் தொட்டிருக்க வேண்டும், அது அவர் விருப்பத்துக்கு மாறாக நடந்திருக்க வேண்டும், பாலியல் கிளர்ச்சிக்காகவோ திருப்திக்காகவோ பாலியல் ரீதியாகச் சீண்டி அவமதிக்கவோ தொட்டிருக்க வேண்டும். அந்தரங்க உறுப்பு எது என்பதையும் சட்டமே வரையறுத்திருக்கிறது: பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடையிடுக்கு, பிட்டம், பெண்ணாக இருந்தால் மார்பு. இடுப்பும் தோளும் தொடையும் அதில் வராது. அப்படித் தொட்டது குற்றமே இல்லை என்று அர்த்தம் இல்லை, அது வேறு பிரிவு. அப்புறம், இந்த உட்பிரிவில் துணிக்கு மேலே தொட்டாலும் தொட்டதுதான். “சட்டைக்கு மேலதானே” என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்; அந்த வாதம் இங்கே செல்லாது.

இதே 243.4இல் ‘ஏ’ உட்பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவரை நகரவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பின் தோலைத் தொட்டதாக வந்தால் அந்தப் பிரிவு. அதை அரசுத் தரப்பு ஃபெலனியாகவும், அதாவது பெருங்குற்றமாகவும் போடலாம், மிஸ்டிமீனராகவும் போடலாம். ஃபெலனியாகப் போனால் 2, 3 அல்லது 4 வருஷம் மாநிலச் சிறை. தாளில் ‘இ’ என்று இருப்பதால் போலீஸ் இதைக் கீழ்ப்படியில் வைத்திருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் தாளில் போலீஸ்காரர் எழுதியது முடிவில்லை. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது, போடுவதா வேண்டாமா என்பதை மாவட்ட அரசு வக்கீல் அலுவலகம்தான் தீர்மானிக்கும். அவர்கள் ஏற்றலாம், இறக்கலாம், சாட்சியம் போதாது என்று கோப்பை மூடியும் வைக்கலாம். தாளில் இருக்கும் தேதியில் போய் நின்றால் “இன்னும் வழக்குப் பதிவாகவில்லை” என்று சொல்லி அனுப்புவதும் நடக்கும். அதைக் கேட்டுவிட்டு எல்லாம் முடிந்தது என்று இனிப்பு வாங்கிவிடாதீர்கள். சாதாரண மிஸ்டிமீனருக்குச் சம்பவ நாளிலிருந்து ஒரு வருஷம் வரை வழக்குப் போட அவர்களுக்கு நேரம் உண்டு.

இந்தப் பிரிவு கேட்கும் மூன்று விஷயங்களில் சண்டை பெரும்பாலும் நடப்பது கடைசி விஷயத்தில், அதாவது எதற்காகத் தொட்டார் என்பதில். நெரிசலில் பட்டுவிட்டது, கண்ணாடிக் கிளாஸை எட்டி எடுத்தபோது கை இடித்தது என்றால் அது இந்தக் குற்றம் இல்லை. ஆனால் “விளையாட்டுக்குச் செய்தேன், ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை” என்ற பதில் அவ்வளவு பாதுகாப்பானதில்லை. கிளர்ச்சி இல்லாவிட்டாலும், அந்தப் பெண்ணை அவமானப்படுத்தவோ மிரட்டவோ தொட்டிருந்தால் அதுவும் போதும் என்று 2006இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லியிருக்கிறது. நண்பர்கள் பார்த்துச் சிரிக்க ஒரு பெண்ணைக் கிள்ளுவதை விளையாட்டு என்று அந்த ஊர் நீதிமன்றம் எடுத்துக்கொள்வதில்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்பது என் எண்ணம்.

குடித்திருந்தார் என்பது உதவுமா என்று அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தக் குற்றத்துக்குக் குறிப்பிட்ட நோக்கம் தேவை என்பதால், அந்த நோக்கம் மனதில் உருவாகும் நிலையில் அவர் இருந்தாரா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் போதையைச் சாட்சியமாகக் காட்டலாம். “அவளுக்குச் சம்மதம் என்று நினைத்தேன்” என்ற வாதத்துக்குப் போதை உதவாது. அந்த நம்பிக்கை நிதானத்தில் இருக்கும் ஒரு சாதாரண மனிதனுக்கும் நியாயமாகத் தோன்றக்கூடியதாக இருக்க வேண்டும். நடைமுறையில் பார்த்தால், ஜூரி முன்னால் “அவ்வளவு குடித்திருந்தேன்” என்று தொடங்குகிறவர் பாதி வழக்கை அப்போதே கொடுத்துவிடுகிறார்.

அக்கா எழுதியதில் ஒரு வரி இருந்தது: “சாட்சியே கிடையாது, அவ சொல்றது மட்டும்தான்.” இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்வதே சாட்சியம். பாலியல் குற்ற வழக்கில் புகார் கொடுத்தவரின் வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டிக்கலாம் என்று நீதிபதியே ஜூரிக்கு வாசித்துக் காட்டுவார். அதற்கென்று அச்சிட்ட அறிவுரை இருக்கிறது. அந்தப் பெண்ணின் பழைய காதல், உடை, இதற்கு முன் யாரோடு பழகினார் என்பதையெல்லாம் கிளறவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். மறுபக்கம், உங்கள் தம்பி மேல் முன்பு இதேபோல் ஒரு புகார் இருந்திருந்தால் அதை உள்ளே கொண்டுவர அரசுத் தரப்புக்கு வழி உண்டு. அந்தப் பெண் பொய் சொல்கிறார் என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நீங்களும் நானும் அந்த அறையில் இல்லை. தம்பியின் வக்கீலுக்குத் தேவை உண்மை நிலவரம். வீட்டாருக்குச் சொன்ன பதிப்பை அவரிடமும் சொல்லிவைத்தால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

இப்போது ராஜி விஷயம். நம் ஊரில் புகார் கொடுத்தவரும் எதிரியும் பெரியவர்களை வைத்துப் பேசி, மனு போட்டு வழக்கை ரத்து செய்து பழகிவிட்டோம். அங்கே வழக்கின் தலைப்பே ‘மக்கள் எதிர் இன்னார்’ என்றுதான் இருக்கும். புகார் கொடுத்தவர் சாட்சி, வழக்கு அரசுடையது. அவரே வந்து “எனக்கு வேண்டாம்” என்றாலும் அரசு வக்கீல் தொடரலாம். அதைவிட முக்கியம், அவர் புகாரைத் திரும்பப் பெற வேண்டும், சாட்சி சொல்ல வரக் கூடாது என்ற எண்ணத்தோடு யாராவது அவரை அணுகினால் அது சாட்சியைக் கலைப்பது என்ற தனிக் குற்றம். அதை ஃபெலனியாகவும் போடலாம். அந்த ‘யாராவது’ கோவையிலிருந்து வாட்ஸ்அப்பில் “தங்கச்சி மாதிரி நினைச்சுக் கேக்கறேன்” என்று எழுதும் அக்காவாகவும் இருக்கலாம். எழுதியது நீங்கள், ஏவியது அவர் என்று வரும். பேச வேண்டுமானால் வக்கீல் தன் புலனாய்வாளரை வைத்து முறையாகப் பேசுவார். பேச மறுக்கும் உரிமையும் அந்தப் பெண்ணுக்கு உண்டு.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், ‘ஸாரி’. நாம் எதற்கெடுத்தாலும் ஸாரி சொல்லிப் பழகியவர்கள். மறுநாள் காலையில், தப்பு செய்தோமா இல்லையா என்றுகூட யோசிக்காமல், “நேத்து நடந்ததுக்கு ரொம்ப ஸாரி, மனசுல வெச்சுக்காத, யார்கிட்டயும் சொல்லாத” என்று ஒரு செய்தி போயிருக்கும். என் மேஜைக்கு வந்த கோப்புகளில் அப்படி ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஜூரி முன்னால் பெரிய திரையில் போட்டால் அது குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்கியமாகத்தான் தெரியும், அதிலும் அந்தக் கடைசி இரண்டு வார்த்தை. அனுப்பியிருந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள். சாட்சியத்தை அழிப்பதும் குற்றம், அந்தப் பக்கத்து ஃபோனில் அது எப்படியும் இருக்கும். அனுப்பாமல் இருந்தால் இனி அனுப்ப வேண்டாம். அந்தப் பெண்ணே கூப்பிட்டு “ஏன் அப்படிச் செய்தாய், அதை மட்டும் சொல்” என்று மெதுவாகக் கேட்டாலும் பேச வேண்டாம். போலீஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த அழைப்பைப் பதிவு செய்வது அங்கே சட்டப்படி செல்லும். பாலியல் புகார்களில் அது வழக்கமான விசாரணை முறையும்கூட. கைது செய்தபோது உரிமைகளைப் படித்துச் சொல்லவில்லையே என்ற வாதம் அந்த அழைப்பில் பேசியதிலிருந்து அவரைக் காப்பாற்றாது. காவலில் வைத்துக் கேள்வி கேட்கும்போதுதான் அந்த எச்சரிக்கை தேவை. அலுவலகத்தின் மனிதவள ஆட்கள் “உன் தரப்பைச் சொல்” என்று கூப்பிடுவதற்கும் எச்சரிக்கை எதுவும் கிடையாது; அங்கே எழுதிக் கொடுத்ததை அரசு வக்கீல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தண்டனையைப் பார்ப்போம். இந்த உட்பிரிவுக்கு உச்சம், மாவட்டச் சிறையில் 6 மாதம், அபராதம் 2,000 டாலர், அல்லது இரண்டும். முதலாளி தன்னிடம் வேலை பார்ப்பவரைத் தொட்டிருந்தால் அபராதம் 3,000 வரை போகும். அபராதத்தின் மேல் மாநிலமும் மாவட்டமும் விதிக்கும் கூடுதல் கட்டணங்கள் சேரும்போது கட்டும் தொகை பல மடங்காகும். முதல் வழக்கு, காயம் இல்லை என்றால் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டுவிடுவது சாதாரணமாக நடப்பது. 2021 முதல் பெரும்பாலான மிஸ்டிமீனருக்கு அந்தக் கண்காணிப்பே அதிகபட்சம் ஒரு வருஷம்தான். இந்த இடத்தில்தான் எல்லோரும், “அவ்வளவுதானா? ஒத்துக்கிட்டா முடிஞ்சுது” என்று மூச்சு விடுகிறார்கள்.

முடியாது. 243.4இல் தண்டனை பெற்றவர், மிஸ்டிமீனராகவே இருந்தாலும், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் பெயர் கொடுக்க வேண்டும். நீதிபதி பார்த்து விட்டுக்கொடுக்கும் விஷயம் இல்லை இது, சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பு கலிஃபோர்னியாவில் இது ஆயுளுக்கும் இருந்தது. 2017இல் சட்டத்தைத் திருத்தி, 2021 ஜனவரி 1 முதல் மூன்று படிகளாகப் பிரித்தார்கள். இந்தக் குற்றம் முதல் படி, குறைந்தது 10 வருஷம். அதுவும் 10 வருஷம் ஓடியதும் தானாகக் கழன்றுவிடாது, மனுப் போட்டு நீக்கச் சொல்ல வேண்டும். அதுவரை ஒவ்வொரு வருஷமும் பிறந்தநாளை ஒட்டிய 5 வேலை நாட்களுக்குள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் 5 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறந்தால் அது புதிய குற்றம். வேறு மாநிலத்துக்கு வேலை மாற்றிப் போனால் அந்த மாநிலத்தின் விதிகள் தனியாக வரும். சில மாநிலங்கள் இதைவிடக் கடுமை. முதல் படியில் இருப்பவர் பெயர் பொதுமக்கள் பார்க்கும் இணையதளத்தில் பொதுவாக வருவதில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். போலீஸிடம் இருக்கும் பதிவில் இருக்கும்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாளில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் எவ்வளவு எளிதாக இதில் விழுகிறார்கள் என்று புரியும். நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு படிவத்தைக் கையில் கொடுப்பார்கள். நெருக்கமான எழுத்து, வரிக்கு வரி பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். ஜூரி விசாரணை உரிமையை விடுகிறேன், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை விடுகிறேன், மௌனமாக இருக்கும் உரிமையை விடுகிறேன் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். வங்கியில் கடன் பத்திரத்தில் போடுவதுபோல மடமடவென்று போட்டுக்கொண்டே போவார்கள். நடுவில் ஒரு வரி பதிவேட்டைப் பற்றி. இன்னொரு வரி, நீ அமெரிக்கக் குடிமகன் இல்லையென்றால் நாடு கடத்தலும், திரும்ப உள்ளே விட மறுப்பதும், குடியுரிமை மறுப்பும் நேரலாம் என்று சொல்லும். நீதிபதியும் அதையே வாயால் ஒரு முறை படிப்பார், “புரிந்ததா?” என்பார். “யெஸ், யுவர் ஆனர்.” எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘நோ காண்டெஸ்ட்’ என்று சொன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று ஒரு நம்பிக்கையும் உலவுகிறது. மிஸ்டிமீனர் வழக்கில் அப்படிச் சொன்னால், பின்னால் அந்தப் பெண் நஷ்ட ஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடும்போது அதை ஒப்புதலாகக் காட்ட முடியாது, அவ்வளவுதான். பதிவேட்டுக்கும் குடிவரவுத் துறைக்கும் அது தண்டனையேதான்.

ஆகவே பேரம் எதைப் பற்றி நடக்க வேண்டும் என்றால், எத்தனை நாள் ஜெயில் என்பதைவிட எந்தப் பிரிவின் பெயரில் வழக்கு முடிகிறது என்பதைப் பற்றித்தான். சாட்சியத்தில் ஓட்டை இருந்தால் அரசு வக்கீல் சில சமயம் 242, அதாவது வெறும் பேட்டரி, அல்லது 415, பொது அமைதிக்குக் குந்தகம், என்று இறங்கி வருவார். 242க்கும் உச்சம் அதே 6 மாதம், அதே 2,000 டாலர்தான். ஆனால் பதிவேடு கிடையாது. ஒருவருக்கு 242இல் 20 நாள் சமூகப்பணி, இன்னொருவருக்கு 243.4இல் ஒரு நாள்கூட ஜெயில் இல்லை என்றால், முதலாமவர் தப்பித்தார் என்று சொல்வேன். இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 முதல், அரசு வக்கீல் எதிர்த்தாலும் மிஸ்டிமீனர் வழக்கை நீதிபதி நிறுத்திவைத்து, வகுப்பு, ஆலோசனை என்று சில நிபந்தனைகளை முடித்தால் தள்ளுபடி செய்யலாம்; குற்றத்தை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். பதிவேட்டில் சேர்க்கும் குற்றங்களுக்கு அந்த வழி மூடியிருக்கிறது. ஆனால் குற்றச்சாட்டு 242 என்று மாறிவிட்டால் கதவு திறக்கும். இப்படி ஒன்றைப் பிடித்து ஒன்றுக்கு நகர்வதுதான் வக்கீலின் வேலை. முதல் வாய்தாவிலேயே ஒப்புக்கொண்டவருக்கு இது எதுவும் கிடைக்காது.

அப்புறம் விசா. இது தனித் துறை, நான் குடிவரவு வக்கீல் இல்லை. என் கட்சிக்காரர்களை எப்போதும் ஒருவரிடம் அனுப்பிவிட்டுத்தான் பேரத்துக்கு உட்காருவேன். 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கு வக்கீல் வெளிநாட்டவருக்கு இந்த விளைவைச் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. கலிஃபோர்னியச் சட்டமும் அதையே கேட்கிறது. உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2013இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 243.4(இ)(1) ‘மாரல் டர்பிட்யூட்’ வகைக் குற்றம், அதாவது நெறிகெட்ட நடத்தைக் குற்றம் என்று தீர்த்துவிட்டது. குடிவரவுச் சட்டத்தில் அந்த முத்திரைக்கு நிறைய விளைவு உண்டு. ஆனால் நல்ல செய்தியும் இருக்கிறது. அப்படிப்பட்ட குற்றம் ஒன்றே ஒன்று, அதன் உச்சத் தண்டனை ஒரு வருஷத்துக்கு மேல் போகாது, கொடுத்த தண்டனை 6 மாதத்தைத் தாண்டவில்லை என்றால் சிறு குற்ற விலக்கு பொருந்தும். அந்த ஒரு குற்றத்துக்காக மட்டும் நாட்டுக்குள் வரத் தகுதியற்றவர் என்று சொல்ல முடியாது. நாடு கடத்துவதற்கான விதியும், உள்ளே வந்து 5 வருஷத்துக்குள் செய்த ஒரே குற்றம் என்றால், ஒரு வருஷமோ அதற்கு மேலோ தண்டிக்கக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும் என்கிறது. இது 6 மாதக் குற்றம். காகிதத்தில் தப்பித்தார்.

தப்பிக்காத இடங்களும் உண்டு. தம்பி மாணவராக இருந்தபோது கடையில் பொருள் எடுத்து மாட்டிய பழைய வழக்கு ஏதாவது இருந்தால், திருட்டும் அதே வகைக் குற்றம். இரண்டு சேர்ந்துவிட்டால் மேலே சொன்ன விலக்கு போய்விடும், நாடு கடத்தும் விதியும் தொடும். சின்ன விஷயம் என்று வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார். வக்கீலிடம் சொல்லியாக வேண்டும். புகார் கொடுத்தவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் நான் இங்கே எழுதிய எதுவும் பொருந்தாது, அது வேறு உலகம். அப்புறம் விசா கொடுக்கும் அதிகாரியின் விருப்புரிமை என்று ஒன்று இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை; கைதை மட்டும் வைத்தே பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை ரத்து செய்யலாம். உள்ளே இருப்பவரை அது உடனே வெளியேற்றாது, ஆனால் வெளியே போனால் புது விசா வாங்கித்தான் திரும்ப வேண்டும். அந்த விண்ணப்பம், எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கும், தண்டனை பெற்றாயா என்று மட்டும் கேட்காது. இல்லை என்று எழுதினால், ரேகை அவர்கள் கணினியில் இருக்கிறது. வழக்கில் தோற்றதைவிடப் பெரிய சேதம் அந்தப் பொய்யால் வரும், ஏனென்றால் விசாவுக்காகச் சொன்ன பொய் ஆயுளுக்கும் தடையாக நிற்கும்.

இதையெல்லாம்விட முன்னால் வந்து நிற்கக்கூடியது வேலை. சம்பவம் அலுவலக விருந்தில் நடந்ததால் நிறுவனம் தானே ஒரு விசாரணை நடத்தும். அதற்குக் குற்ற வழக்கின் அளவு ஆதாரம் தேவையில்லை, தீர்ப்புக்கும் காத்திருக்காது. வேலை போனால் எச்-1பிக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் மனுப் போட வேண்டும், இல்லையென்றால் பெரும்பாலும் கிளம்ப வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கிளம்ப வேண்டிய நிலை வந்தால் நீதிமன்றத் தேதிகள் என்னாவது என்பது தனிச் சிக்கல். குற்ற வழக்கு வக்கீலும் குடிவரவு வக்கீலும் ஒருவரோடொருவர் ஃபோனில் பேசிக்கொள்ள வேண்டும் என்று நான் அடம் பிடிப்பது இதனால்தான்.

தண்டனைக்குப் பிறகு “எக்ஸ்பஞ்ச் பண்ணிக்கலாம்” என்று நண்பர்கள் சொல்வார்கள். கண்காணிப்புக் காலம் முடிந்ததும் மனுப் போட்டு வழக்கைத் தள்ளுபடியானதாக மாற்றலாம், உண்மைதான். பல தனியார் வேலைகளுக்கு அது உதவும். பதிவேட்டுக் கடமையை அது நீக்காது. குடிவரவுச் சட்டம் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஒருமுறை ஒப்புக்கொண்டு ஏதாவது நிபந்தனை விதித்திருந்தால் அவர்கள் கணக்கில் அது தண்டனைதான். வழக்கே போடாமல் விட்டாலோ, தள்ளுபடியானாலோ, விடுதலையானாலோ கைது ஆவணத்தை முத்திரையிட்டு மூடச் சொல்லலாம். அப்போதும் விசா விண்ணப்பத்தில் கைதைச் சொல்லத்தான் வேண்டும்.

வழக்கு விசாரணைக்குப் போனால்? மிஸ்டிமீனருக்கும் 12 பேர் ஜூரி உண்டு, 12 பேரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவருக்கு, குற்றச்சாட்டுப் படித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் விசாரணை கேட்கும் உரிமை உண்டு. பெரும்பாலும் நாங்களே தயாராவதற்காக அதைத் தள்ளிவைப்போம். ஜெயிக்குமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். அதற்குப் பதில் அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், முதலில் யாரிடம் அந்தப் பெண் சொன்னார், எவ்வளவு நேரத்தில் சொன்னார், கேமராவில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. யாராவது இதையெல்லாம் பார்க்காமல் “கண்டிப்பா முடிச்சுத் தரேன்” என்றால் அவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

தாளில் இருக்கும் தேதிக்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். அந்த மாவட்டத்து நீதிமன்றத்தில் தினமும் நிற்கும் குற்ற வழக்கு வக்கீல் ஒருவரைப் பிடிக்கட்டும். வசதி இல்லையென்றால் அரசு செலவில் கிடைக்கும் வக்கீலைக் கேட்கலாம், அவர்களைக் குறைவாக நினைக்க வேண்டாம், எதிரே நின்று வழக்கு நடத்தும் அரசு வக்கீல்களின் குணம் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். விருந்து நடந்த இடத்தின் கேமராப் பதிவுதான் இதில் மிக அவசரம். பல இடங்களில் சில நாட்களிலேயே மேலே மேலே பதிந்து பழையது அழிந்துவிடும், வக்கீல் இன்றே கடிதம் போட வேண்டும். வாடகைக் கார் ரசீது, யார் யார் எந்த மேஜையில் இருந்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்பதையெல்லாம் வக்கீலுக்கு மட்டும் என்று தலைப்புப் போட்டுத் தம்பி இப்போதே எழுதி வைக்கட்டும். உங்களுக்கோ நண்பர்கள் குழுவிலோ அதை அனுப்ப வேண்டாம். இங்கே நீங்கள் எழுதியிருக்கும் கேள்வியிலும் அலுவலகத்தையும் தேதியையும் குறிக்கும் வரிகளை எடுத்துவிடுங்கள். மிஸ்டிமீனரில் பல வாய்தாக்களுக்கு அவருக்குப் பதிலாக வக்கீலே ஆஜராகலாம், ஆனால் அதை வக்கீல் சொல்ல வேண்டும். யாரும் போகாமல் விட்டால் பிடிவாரண்டும், வராமல் போனதற்குத் தனி வழக்கும் வரும்.

டிசம்பர் டிக்கெட்டைப் பற்றி: இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்க வேண்டாம், எடுத்திருந்தால் தேதி மாற்றக் கூடியதா என்று பாருங்கள். வழக்கு திறந்திருக்கும்போது வெளியே வந்துவிட்டு, சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புது விசாவுக்கு நிற்க வேண்டி வந்தால் எத்தனை மாதம் இங்கேயே மாட்டுவார் என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த நேரத்தில் அங்கே வாய்தா ஓடிக்கொண்டிருக்கும். பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் தயங்குவது எழுத்திலேயே தெரிகிறது. அது சட்டக் கேள்வி இல்லை, ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன்: தேதியைத் தள்ளிப்போட வேலைப்பளு என்று காரணம் சொல்லாதீர்கள். நடந்ததை, வழக்கு இருக்கிறது என்ற அளவுக்காவது, கல்யாணப் பெண்ணிடம் தம்பியே சொல்லட்டும். அந்தக் கல்யாணப் பெண்ணின் விசாவும் இனி இந்த வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது.